படகுத்துறையில் சொன்னது

"நூத்துல ஒரு பங்கு போதும் நெல்டாம்மா. ஒரே ஒரு பங்குத் தப்பு உங்க பக்கம் இருக்குன்னு ஜூரி நெனச்சிட்டா, அவ்வளவுதான். ஒத்தைக் காசு கிடைக்காது" என்றாள் வக்கீல் டிட்வெல்.

நெல்டாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு நம்ப முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் ராய்ஸைப் பார்த்தாள். அவன் சுவரில் பாடம் பண்ணி மாட்டியிருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டம், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் என்று எதைப் பேசினாலும் ராய்ஸின் கண் இப்படி எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். காது மட்டும் இங்கேயேதான் இருக்கும்.

"மீதித் தொண்ணூத்தொம்பது பங்கு?" என்று மீனிடமே கேட்டான் ராய்ஸ்.

"அதைப் பத்திப் பேச்சே கிடையாது. அலபாமா சட்டம் அப்படி. காயம்பட்டவங்களும் தெரிஞ்சே கொஞ்சம் தப்புப் பண்ணியிருந்தா, மொத்தமும் போச்சு. இப்படிச் சட்டம் வெச்சிருக்கிற மாநிலங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். இதே விபத்து பக்கத்துல ஜார்ஜியாவுல நடந்திருந்தா, உங்க பங்கை மட்டும் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுத்திருப்பாங்க."

"அப்போ நான் ஜார்ஜியாவுல போய் விழுந்திருக்கணும்னு சொல்றீங்க" என்றாள் நெல்டா. வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய சித்தி மகள் ஜார்ஜியாவில்தான் இருக்கிறாள். காரில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லையில் ஒரு பலகையைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அந்தப் பக்கமும் இதே சிவப்பு மண், இதே பைன் மரங்கள், இதே பாப்டிஸ்ட் சர்ச்சுகள். அந்தப் பலகையைத் தாண்டினால் ஒரு காலுக்கு ஒரு மதிப்பு, தாண்டாவிட்டால் ஒன்றுமே இல்லையா? இது என்ன கூத்து?

இடது காலில் முழங்காலுக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கால் தற்காலிகமானது. அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் சதை புண்ணாகிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றே வேலை செய்தவள். நாள் முழுவதும் நிற்கிற மாதிரி நல்ல கால் ஒன்று உண்டு என்று டாக்டர் படம் காட்டினார். விலையைக் கேட்டதும் ராய்ஸ் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக் கடனுக்கே வீட்டை விற்க வேண்டி வரும் போல இருந்தது. ஆக, இந்த வழக்குதான் அவள் கால். இந்த வழக்குதான் அவள் வீடு.

"படகு ஓடுறப்ப முன்னால உக்காரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று டிட்வெல் கேட்டாள்.

"அந்த ஏரியில எல்லாருமே அங்கதான் உக்காருவாங்க வக்கீலம்மா. பாதிரியாரே உக்காருவார்."

"நல்லது. அங்க உக்காராதீங்க, உள்ள வாங்கன்னு அன்னிக்கு யாராச்சும் உங்களை எச்சரிச்சாங்களா? அதுதான் இந்த வழக்கோட உயிர்நாடி. எச்சரிச்சும் நீங்க கேக்கலைன்னா, ஆபத்து தெரிஞ்சே உக்காந்தீங்கன்னு ஆயிடும்."

"இல்ல" என்றாள் நெல்டா. அது சத்தியமான உண்மை. ஆனால் அதைச் சொன்ன மறுகணம் படகுத்துறையில் தான் சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒரு துளி தப்பு இருந்தாலும் போச்சு என்று இப்போதுதானே சொன்னாள் இந்தப் பெண், இவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. அங்கேதான் அவள் சறுக்கினாள். வக்கீலிடமும் டாக்டரிடமும் ஒளிக்கிறவர்களுக்கு என்ன கதி என்று ஊருக்கே புத்தி சொல்லக்கூடியவள், தன் முறை வந்தபோது வாயைக் கட்டிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்துக்கு ஏரியில் படகு ஊர்வலம். சர்ச் சார்பில் கேலன் கேடியின் மிதவைப் படகு. தட்டையான, அகலமான படகு, சுற்றிலும் கம்பி, உள்ளே சோபா போட்ட மாதிரி இருக்கைகள். முன்பக்கக் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு, பாட்டுக் குழுப் பெண்கள் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு பாடுவார்கள். கரையில் நிற்கிற குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். விளிம்பில் உட்காரக் கூடாது என்று கம்பியில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை ஒட்டியிருந்ததாம். அலங்காரத் துணி அதை மறைத்துவிட்டது. துணியைக் கட்டியது கேலனின் மனைவி வாண்டா. அன்று பாட்டு உச்சத்துக்குப் போன நேரத்தில் குறுக்கே ஒரு வேகப் படகு அலை கிளப்பிக்கொண்டு போனது. கேலன் பதறி வேகத்தைச் சட்டென்று குறைத்தான். படகின் மூக்கு தண்ணீரில் குத்தியது. நடுவில் உட்கார்ந்திருந்த நெல்டா வழுக்கி விழுந்தாள். படகு அவள் மேலேயே போனது. பின்னால் இன்ஜின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கேலன்தான் குதித்து அவளைத் தூக்கினான். தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவள் தொடையில் இறுக்கிக் கட்டினான். அது இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். படகுத்துறையில் அவளைக் கிடத்தியபோது மற்றவர்கள் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேலன் குலுங்கிக் குலுங்கி அழுதான். முதல் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவன். அறுபதை நெருங்குகிற ஆம்பளை, மூக்கு ஒழுக, "உன்னைக் கொன்னுட்டேன், உன்னைக் கொன்னுட்டேன்" என்று புலம்பினான். நெல்டாவுக்கு அந்த நேரத்தில் வலியே தெரியவில்லை. அவன் அழுவதுதான் தாங்க முடியவில்லை. கீழே விழுந்து அடிபட்டவளே எதிரே நிற்பவரைத் தேற்றுகிற ஊர் அது. யாராவது காலை மிதித்தால் மிதிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார். அப்படி வளர்ந்தவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அழாத கேலன். நீ உள்ள வான்னு கூப்பிட்ட. நான்தான் கேக்கல. என் தப்புதான் இது."

அவன் கூப்பிடவே இல்லை. முன்னால் என்ன நடக்கிறது என்றே அவன் பார்க்கவில்லை. அவனும் உரக்கப் பாடிக்கொண்டுதான் இருந்தான். வாயில் வந்ததை அவள் சொன்னாள். சொன்னதும் அவன் அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டது. அது போதும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வழக்குப் போடச் சொன்னதும் கேலன்தான். ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தான். "என் மேல கேஸ் போடு நெல்டா. இன்சூரன்ஸுக்கு வருஷா வருஷம் எதுக்குப் பணம் அழறேன்? அவனுங்க குடுக்கட்டும்" என்றான். "உன் மேலயா? எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று அவள் மறுத்தாள். அவன் ராய்ஸைப் பிடித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தான். சரி என்று போட்டார்கள். போட்டதும் பதில் வந்தது. கேலன் கேடி என்ற பிரதிவாதி கூறுவதாவது, நெல்டா தன் சொந்த அலட்சியத்தாலேயே காயமடைந்தார் என்று டிட்வெல் படித்துக் காட்டியபோது நெல்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதைக் கேலனா எழுதினான்?"

"இன்சூரன்ஸ் கம்பெனி வெச்ச வக்கீல் எழுதினது. அவர் படிச்சிருக்கவே மாட்டார். கேஸ் முடியற வரைக்கும் அவர் பேரு மட்டும்தான் அவரோடது, வாய் அவங்களோடது. நீங்க ரெண்டு பேரும் இனிமே இதைப் பத்திப் பேசிக்கக் கூடாது. எதிர்க் கட்சி இல்லையா?"

எதிர்க் கட்சியாம்! ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்டாவும் ராய்ஸும் சர்ச்சின் இடது பக்கம் உட்கார்ந்தார்கள், கேலனும் வாண்டாவும் வலது பக்கம். வாண்டாவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. வாரம் ஒரு தடவை கோழியும் சீஸும் போட்டு வேகவைத்த பாத்திரத்தை நெல்டா வீட்டு வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு, கனத்த உடம்போடு காருக்கு ஓடுவாள். கழுவிய பாத்திரத்தை ராய்ஸ் அவர்கள் வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு ஓடி வருவான். ஒரு வருஷம் இப்படியே போனது. கேலனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நெல்டா பலமுறை போனை எடுத்தாள். சாட்சியிடம் இதைச் சொல்லாதே என்று சொல்வது குற்றம் என்று எங்கோ கேட்டிருந்தாள். எடுத்த போனை வைத்துவிடுவாள்.

வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன் இரண்டு தரப்பையும் வக்கீல் அலுவலகத்திலேயே சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். காலையில் நெல்டா, மத்தியானம் கேலன். நீளமான மேஜை, ஓரத்தில் ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்ய ஒரு பெண். இன்சூரன்ஸ் வக்கீல் இளைஞன், தலைமுடியை அழகாக வாரி, வாய்க்கு வாய் "அம்மா" போட்டுப் பேசினான். கால் வலித்தால் உடனே சொல்லுங்கள், நிறுத்திக்கொள்ளலாம் என்றான். இவ்வளவு நல்ல பிள்ளையா என்று நெல்டாவுக்கே தோன்றியது.

"படகுத்துறையில படுத்திருந்தப்ப, கேடி சார்கிட்ட நீங்க ஏதாவது பேசினீங்களா அம்மா?"

இவன் ஏன் இதை இவ்வளவு மெதுவாகக் கேட்கிறான்? வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் வீடு போச்சு, கால் போச்சு. ரத்தம் அவ்வளவு போனவளுக்கு நினைவு எங்கே இருக்கும் என்று எல்லோரும் நம்புவார்களே!

"நினைவில்லைங்க" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். நெல்டாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. மதியம் ராய்ஸ் வாங்கி வந்த சாண்ட்விச்சைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு மணிக்குக் கேலன் வந்தான். சாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு. ஆள் இளைத்திருந்தான். நெல்டாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பேசக் கூடாது என்பதால் இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். டிட்வெல் அவனிடம் படகின் வேகம், அலை, எச்சரிக்கை ஒட்டியிருந்த இடம் என்று வரிசையாகக் கேட்டாள். அவன் எதையும் மறைக்கவில்லை. திடீரென்று வேகத்தைக் குறைத்தது தன் தப்பு என்று அவனே சொன்னான். இன்சூரன்ஸ் வக்கீல் தடுக்கக்கூட இல்லை. டிட்வெல்லின் முகம் மலர்ந்தது. முடிக்கிற நேரத்தில், வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"விபத்துக்கப்புறம் நெல்டா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

கேலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்காகவே ஒரு வருஷம் காத்திருந்தவன் என்று பார்த்தாலே தெரிந்தது.

"சொன்னாம்மா. இதை எல்லாரும் கேக்கணும். என் பேரைப் போட்டு இவ மேல என்னென்னவோ எழுதியிருக்காங்களாம், எனக்கு இப்பத்தான் தெரியும், நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. இவ யாருன்னு நான் சொல்றேன். பாவம், இவளுக்கு நினைவிருக்காது, காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தா. எனக்குச் சாகுற வரைக்கும் மறக்காது. கால் அந்தக் கோலத்துல கிடக்கு, இவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அழாத கேலன், நீ உள்ள வான்னு கூப்பிட்ட, நான்தான் கேக்கல, என் தப்புதான் இது'ன்னா! யாருக்கு வரும் இந்த மனசு? நான் சொல்றேன், அந்த ஏரியில அன்னிக்கு ஒரு தப்பும் பண்ணாத ஒரே ஆள் இவதான். இவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. டிட்வெல் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெல்டாவுக்கு இல்லாத பாதம் விண்விண் என்று தெறித்தது.

"கேடி சார்" என்றான் இன்சூரன்ஸ் வக்கீல், பூ மாதிரி. "நீங்க அவங்களை உள்ள வரச் சொன்னீங்க, சரிதானே?"

"சொன்னேன் சார். சொல்லாம இருப்பேனா? அவளே சொன்னாளே."

"அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே இன்னொரு தடவை சொல்றீங்களா? பதிவுக்காக."

கேலன் சொன்னான். இந்தத் தடவை இன்னும் நிதானமாக, ஒரு சொல் பிசகாமல், கண்ணீரும் பெருமையுமாக, நெல்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தப் பெண் தட்டச்சு செய்தாள்.

தாழ்வாரத்தில் டிட்வெல் அவளைச் சுவரோரமாக நிறுத்தினாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"அவன் என்னைக் கூப்பிடவே இல்ல வக்கீலம்மா. அவன் அழுதான். அதுக்காக நானாச் சொன்னேன். பொய் அது."

"காலையில இதைச் சொல்லியிருந்தா ஜூரி உருகிப் போயிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"இப்ப சொல்றேன். திரும்ப உள்ள போய்ச் சொல்றேன்."

"காலையில நினைவில்லைன்னு சத்தியம் பண்ணிட்டீங்க. மத்தியானம் அவர் வாயைத் திறந்ததும் நினைவு வந்துடுச்சா? யார் நம்புவா? அவர் சொன்னாத்தான் உண்டு, நான் கூப்பிடலைன்னு. அவர் என்னடான்னா கூப்பிட்டேன்னு சத்தியம் பண்றார். அவர் அதை நம்பறாரா, இல்ல..."

"நம்பறான்" என்றாள் நெல்டா. "நான் சொன்னேன்ல, அதனால நம்பறான்."

டிட்வெல் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளை போன் பண்ணுகிறேன் என்றாள். தயவுசெய்து அவரிடம் மட்டும் பேசிவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராய்ஸ் பின் தெருவில் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்து வரப் போனான். நெல்டா கட்டடத்தின் முன்னால் நிழல் விழுந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தார் ரோட்டிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. ஒரு வருஷமாக இதற்கா பயந்தேன், இவன் காட்டிக்கொடுத்துவிடுவான் என்றா பயந்தேன்? காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். இவன் என்னைக் கோபுரத்தில் ஏற்றி வைத்தல்லவா கீழே தள்ளியிருக்கிறான்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. கேலன் தனியாக வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய கைத்தடி சரிந்து கீழே விழுந்தது. அவன் குனிந்து, ஒரு முழங்காலை ஊன்றி, அதை எடுத்தான்.

"பேசக் கூடாதுன்னாங்க. போகட்டும், என்ன பண்ணிடுவாங்க?" என்றான், குனிந்தபடியே. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய களை வந்திருந்தது. "அந்த வக்கீல் பையனே ஆடிப்போயிட்டான், பாத்தியா? பேனாவைக் கீழ வெச்சுட்டான். இனி உனக்குக் குடுத்துத்தான் ஆகணும் நெல்டா. ராத்திரி தூக்கம் வராதப்பல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன். நான் கூப்பிட்டேன், கூப்பிடாம இல்லைன்னு. அது ஒண்ணு இல்லைன்னா நான் எப்பவோ அந்த ஏரிக்குள்ளயே போயிருப்பேன்." தடியின் பிடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தான். "நான் சரியாத்தானே சொன்னேன்?"

ரொம்ப நல்லா சொன்ன கேலன் என்பதுதான் அவள் நாக்கின் நுனியில் நின்றது. வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி நேரத்தில் தானாக வருகிற வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள்.

"நீ என்னைக் கூப்பிடவே இல்ல, கேலன்."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே திடுக்கென்றது. யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளலாமா என்பது போல அவள் கை வாய்ப்பக்கம் போனது.

கேலனின் கட்டைவிரல் நின்றுவிட்டது. அவன் நிமிரவில்லை. முகம் தெரியவில்லை, நரைத்த உச்சந்தலையும் வியர்வையில் நனைந்த சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தன. ராய்ஸின் வண்டி வந்து நின்றது. உள்ளிருந்தபடியே எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான் ராய்ஸ். திறந்த கதவு மெல்ல ஆடியது. கேலன் ஒற்றை முழங்காலில் அப்படியே இருந்தான், தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.